கிணற்று நீர்மட்டக் கணக்கை வரைபடத்தில் ஏற்றுவது: கொங்குப் பகுதிக்கான கியூஜிஐஎஸ் வழிமுறை

ஊர்ப் பாசன சங்கம், குளம் காக்கும் குழு, ஊராட்சி என்று யாராவது ஒருவரிடம் பத்து வருஷ நீர்மட்டக் கணக்கு நோட்டில் இருக்கும். அதை வரைபடமாக்க கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே போதும். வண்ண வரைபடம் வரைய ஒரு மதியம் ஆகும், அது சுலபமான பாதி. சிக்கலெல்லாம் அதற்கு முன்னால், நோட்டில் எழுதியிருக்கும் எண் எங்கிருந்து எங்கே அளந்தது என்பதில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறையும் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசும்.

முதலில் இரண்டு அட்டவணை

எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் போட்டு, மாதத்துக்கு ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்துக்கொண்டே போவது வழக்கம். மூன்றாம் வருஷம் அந்தத் தாளை யாராலும் படிக்க முடியாது. தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் அட்டவணையில் கிணற்றின் மாறாத விவரம், கிணற்றுக்கு ஒரு வரி. இரண்டாவதில் அளவீடுகள், ஒரு தடவை அளந்தால் ஒரு வரி. இரண்டையும் கோர்ப்பது கிணற்று எண். அந்த எண்ணை உரிமையாளர் பெயரிலோ சர்வே நம்பரிலோ அமைக்க வேண்டாம். தோட்டம் கைமாறும், சர்வே நம்பர் உட்பிரிவாகும். 'அவி-017' என்று ஊர்ச் சுருக்கமும் வரிசை எண்ணும் போதும். கிணறு மூடப்பட்டாலும் அந்த எண்ணை வேறு கிணற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

முதல் அட்டவணையில் வேண்டியவை: கிணற்று எண், ஊர், குறுவட்டம், சர்வே நம்பர், அட்சரேகை, தீர்க்கரேகை, வகை (திறந்த கிணறு, சைடு போர் போட்ட கிணறு, ஆழ்துளைக் கிணறு), மொத்த ஆழம், அளவுப் புள்ளியின் (அளக்கக் கயிறு விடும் இடத்தின்) உயரம், பாசனம் (கீழ்பவானி, பிஏபி என்னும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட மண்டலம், காலிங்கராயன், மானாவாரி). குறுவட்டத்தைத் தனிப் பத்தியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மதிப்பீடு பல வருஷம் குறுவட்ட வாரியாக நடந்திருக்கிறது. நீர் எடுப்பு 70 சதவீதம் வரை பாதுகாப்பு, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. உங்கள் கணக்கை அந்த அரசுக் கணக்கோடு ஒப்பிட அந்தப் பத்தி இல்லாமல் முடியாது.

பிஏபி பாசனம் நான்கு மண்டலமாகப் பிரிந்து முறை வைத்து ஓடுகிறது. ஒரு வருஷம் தண்ணீர் வரும் மண்டலத்துக் கிணறு ஏறும், பக்கத்து மண்டலம் இறங்கும். மண்டலப் பத்தி இல்லாவிட்டால் மழை பெய்த மாதிரியும் பெய்யாத மாதிரியும் ஒரே வரைபடத்தில் தெரியும்.

அளவுப் புள்ளி

கிணற்றைச் சுற்றிய தொட்டிச் சுவர் மேல் நின்று நீர்மட்டம் வரை கயிறு விட்டால் 48 அடி. சுவர் 3 அடி உயரம். ஆகத் தரையிலிருந்து நீர்மட்டம் 45 அடி, அதாவது 13.7 மீட்டர். அடுத்த முறை வேறொருவர் சுவர் இடிந்த பக்கத்தில் நின்று அளந்தால் தண்ணீர் அசையாமலே 3 அடி ஏறியிருக்கும். எனவே கிணற்றில் ஒரு இடத்தைத் தேர்ந்து, பெயின்டால் அம்புக்குறி போட்டு, தரையிலிருந்து அதன் உயரத்தை ஒருமுறை அளந்து முதல் அட்டவணையில் எழுதிவிடுங்கள். களத்தில் கயிற்று அளவை மட்டும் குறித்தால் போதும், கழித்தலை மென்பொருள் செய்யும். அடியா மீட்டரா என்பதைப் பத்தித் தலைப்பிலேயே சேர்த்து எழுதுங்கள். தோட்டத்துக்காரர் அடியில்தான் சொல்வார், அரசுத் தரவு மீட்டரில் இருக்கும். ஓரடி 0.3048 மீட்டர்.

அளப்பதற்கு உகந்த நேரம் காலையில் மோட்டார் போடுவதற்கு முன். மும்முனை மின்சாரம் வந்து ஓட ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கிணற்றை விட்டுவிடலாம். விட மனமில்லை என்றால், அளவீட்டு வரியில் 'மோட்டார் ஓட்டம்' என்று குறித்து, பிறகு வரைபடத்தில் சேர்க்காமல் வடிகட்டுங்கள்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு விஷயத்தில் மூன்று எண்கள் குழம்பும். "எத்தனை அடிங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் ஒருவர் ஓட்டிய ஆழத்தைச் சொல்வார், இன்னொருவர் தண்ணீர் கிடைத்த ஆழத்தை, மூன்றாமவர் மோட்டார் தொங்கும் ஆழத்தை. 800, 420, 650 என்ற மூன்றும் ஒரே போருக்கு உண்மையாக இருக்கலாம். இவற்றில் எதுவுமே இன்றைய நீர்மட்டம் அல்ல! மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். நீர்மட்டத்தை அளந்தால் மட்டுமே அளவீட்டு அட்டவணைக்குப் போக வேண்டும். கேட்டு எழுதியதை அங்கே சேர்க்கக் கூடாது.

கொங்குப் பக்கத்துக்கே உரிய ஒரு பொறி உண்டு. போர்த் தண்ணீரைத் திறந்த கிணற்றில் விட்டுத் தேக்கி, அங்கிருந்து சொட்டுநீருக்கு எடுப்பது இங்கே சாதாரணம். அந்தக் கிணறு கோடையிலும் நிறைந்து நிற்கும். அது நிலத்தடி நீர்மட்டம் அல்ல, தொட்டி. வகைப் பத்தியில் 'தேக்கக் கிணறு' என்று தனியாக வைத்து, மட்ட வரைபடத்திலிருந்து முழுதாக விலக்குங்கள். ஊருக்கு நாலு தேக்கக் கிணறு உள்ளே புகுந்தாலும் போதும், வறட்சி ஊர் செழிப்பாகத் தெரியும்.

வறண்ட கிணறும் இப்படித்தான் ஏமாற்றும். அளவில் 0 என்று போட்டால் தண்ணீர் தரைமட்டத்தில் நிற்கிறது என்று அர்த்தம். காலியாக விட்டால் அளக்கவே இல்லை என்று அர்த்தம். ஆகவே 'நிலை' என்று ஒரு பத்தி வைத்து, அளந்தது, வறண்டது, அணுக முடியவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். சராசரி எடுக்கும்போதும் கவனம் வேண்டும். மே மாதத்தில் ஆழம் குறைந்த கிணறுகள் வறண்டு கணக்கிலிருந்து விழுந்துவிட்டால், மிச்சமுள்ளவற்றின் சராசரி நிலைமையைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். சராசரி போடும் இடத்திலெல்லாம் வறண்ட கிணறு எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

மாதங்களைப் பொறுத்தவரை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வைத்துக்கொள்வது நல்லது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஆண்டுக்கு நான்கு முறை இந்த வாக்கில்தான் அளக்கிறது. கீழ்பவானி ஆயக்கட்டில் ஆகஸ்ட் அளவை வாய்க்கால் திறப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறப்பார்கள், அணை இருப்பைப் பார்த்து மாறவும் செய்யும். திறந்து பத்து நாளில் வாய்க்காலோரக் கிணற்றில் ஊற்று ஏற ஆரம்பித்துவிடும்.

இடத்தைக் குறிப்பது

கைப்பேசியில் கியூஃபீல்டு செயலி இருந்தால் களத்திலேயே புள்ளி வைக்கலாம். துல்லியம் 5 மீட்டருக்குக் கீழ் வரும்வரை காத்திருங்கள். பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புக்குள் அது வரவே வராது. வரப்போர வெட்டவெளிக்கு வந்து நிலைப்படுத்திக்கொண்டு, பிறகு செயற்கைக்கோள் படத்தின் மேல் புள்ளியைக் கிணற்று வாய்க்கு நகர்த்துவதே மேல். வட்டக் கிணறுகள் படத்தில் நன்றாகவே தெரியும்.

கையால் எழுதிய பழைய ஆயங்களில் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்) வரும் பிழை பெரும்பாலும் ஒரே வகை. அவிநாசியை எடுத்துக்கொள்வோம். வடக்கு 11 பாகை 11 கலை, கிழக்கு 77 பாகை 16 கலை. இதை 11.11, 77.16 என்று தட்டினால் கிணறு கருமத்தம்பட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். கலையை 60-ஆல் வகுக்க வேண்டும்: 11.183, 77.267. கருமத்தம்பட்டியிலும் கிணறுகள் இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் பரவாயில்லை, கிணறு ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வையுங்கள், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம்.

கைப்பேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். பல செயலிகள் கடல்மட்டத்துக்குப் பதில் புவியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரத்தைக் காட்டும். நம் பகுதியில் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். 410 மீட்டரில் இருக்கும் கோவை 320 என்று வரும்.

கியூஜிஐஎஸ்-க்குள் கொண்டுவருதல்

எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். தேதியை 2024-11-05 என்ற வரிசையில் எழுதுங்கள். 05-11-2024 என்றால் ஒரு கணினியில் நவம்பர் 5, இன்னொன்றில் மே 11.

இனி வரிசையாக:

1. லேயர் மெனுவில் 'ஆட் டிலிமிடெட் டெக்ஸ்ட் லேயர்' வழியாகக் கிணற்று அட்டவணையைத் திறங்கள். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. ஆய முறை இபிஎஸ்ஜி 4326 (பாகையில் எழுதிய ஆயங்களுக்கான குறியீட்டு எண்).

2. 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கருவியால் இபிஎஸ்ஜி 32643-க்கு (மீட்டரில் அளக்கும் ஆய முறை) மாற்றி, ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமியுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' வேறு வேலை. அது எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், புள்ளிகள் மறைந்து போகும்.

3. அளவீட்டு அட்டவணையை அதே முறையில், 'வடிவம் இல்லை' என்று குறித்து ஏற்றி, அதே ஜியோபேக்கேஜுக்குள் சேமியுங்கள்.

4. ப்ராஜெக்ட் பண்புகளில் 'ரிலேஷன்ஸ்' பக்கத்தில் கிணற்று எண்ணை வைத்து இரண்டையும் இணையுங்கள். இப்போது வரைபடத்தில் ஒரு கிணற்றைத் தட்டினால் அதன் எல்லா அளவீடும் கீழே வரிசையாக வரும்.

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகை வேண்டாம். பத்தித் தலைப்பு பத்து எழுத்துக்கு மேல் நிற்காது, அதிலும் தமிழ் எழுத்து இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். ஒரே தரவு நான்கைந்து கோப்பாகச் சிதறி, மின்னஞ்சலில் ஒன்று விட்டுப்போனால் மற்றவை சரியாகத் திறக்காமல் போகலாம்.

32643 என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் கடைசி 43 என்பது யூடிஎம் என்ற ஆய முறையின் வலய எண், 78 பாகையில் அது முடிந்து 44 தொடங்கும். 78 பாகைத் தீர்க்கரேகை கொங்கு நாட்டைக் குறுக்காக வெட்டிப் போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் 43-ஆம் வலயம். கரூர், நாமக்கல் நகரங்கள் 44. இரண்டு வலயத்தில் தனித்தனியே வரைந்து ஒட்டினால் தொல்லை. காவிரி, நொய்யல், அமராவதி எல்லாம் ஒரே படத்தில் வேண்டுமென்றால் அனைத்தையும் 43-இல் வைத்துக்கொள்ளலாம். கரூரில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வாக்கில்தான் நீளம் பிசகும், கிணற்றுக் கணக்குக்கு அது பொருட்டல்ல.

வண்ணம் பூசுவதற்கு முன்

கிணற்றுப் புள்ளிகளை வைத்து மாவட்டம் முழுவதும் நீலமும் சிவப்புமாக நிரவிவிட (அளக்காத இடத்துக்கும் மதிப்பை ஊகித்து நிரப்பிவிட) ஆசை வரும். கொங்குத் தரை பெரும்பாலும் கடும்பாறை. மேலே கொஞ்சம் சிதைந்த ஓடு, கீழே கெட்டிப் பாறை, நடுவில் ஆங்காங்கே வெடிப்பு. ஒரு வெடிப்பில் மாட்டிய போர் 200 அடியில் பொங்கும், நூறடி தள்ளி ஓட்டியது ஆயிரம் அடியிலும் புகைதான். இந்த இரண்டுக்கும் நடுவே 600 அடி என்று மென்பொருள் நிரவினால் அது பொய். ஆழ்துளைக் கிணறுகளை நிரவவே வேண்டாம், புள்ளிகளாகவே காட்டுங்கள். திறந்த கிணறுகள் சிதைந்த ஓட்டில் நிற்பதால், ஒரே பள்ளத்து வடிநிலத்துக்குள் நெருக்கமாக இருந்தால் நிரவலாம். இரண்டு வகையையும் ஒரே கணக்கில் கலப்பது கூடவே கூடாது.

நிரவுவதற்கு 'ஐடிடபிள்யூ இன்டர்போலேஷன்' போதும். அடுக்கு எண் 2, கட்ட அளவு 100 மீட்டர். கட்ட அளவை மாற்ற மறந்தால் தொடக்கத்தில் இருக்கும் 0.1 அப்படியே போகும். பக்கத்துக்கு 20 கிலோமீட்டர் உள்ள சதுரப் பரப்புக்கு அது 4,000 கோடிக் கட்டம், கணினி உறைந்துவிடும். இந்தக் கருவி தொலைவு பார்க்காமல் எல்லாக் கிணற்றையும் கணக்கில் எடுப்பதால், கிணறே இல்லாத மூலையிலும் வண்ணம் வரும். கிணறுகளைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் வளையம் போட்டு, அதற்கு வெளியே வெட்டி எறியுங்கள். வெள்ளையாக இருப்பதில் தவறில்லை, அங்கே அளக்கவில்லை என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது.

மட்டத்தைவிட மாற்றத்தைக் காட்டும் படம்தான் நம்பகமானது. அதே கிணறு, அதே அளவுப் புள்ளி, மே மாத அடியிலிருந்து அடுத்த ஜனவரி அடியைக் கழித்தால் தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்கள் இரண்டும் சேர்ந்து என்ன கொடுத்தன என்று தெரியும். கிணற்றின் ஆழம், தரை மேடு பள்ளம், சுவர் உயரம் என்ற எல்லாப் பிழையும் கழித்தலில் அடிபட்டுப் போகும். செய்முறை: அளவீட்டு அட்டவணையை மே மாதத்துக்கு வடிகட்டித் தனியாக எடுங்கள், ஜனவரிக்கும் அப்படியே. 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை ஃபீல்டு வேல்யூ' கருவியால் இரண்டையும் கிணற்று எண்ணில் இணைத்து, ஃபீல்டு கால்குலேட்டரில் கழியுங்கள். ஒரு மாதத்தில் ஒரே கிணற்றுக்கு இரண்டு அளவு இருந்தால் புள்ளி இரட்டிக்கும் அல்லது ஒன்று சத்தமில்லாமல் விழும். இணைப்பதற்கு முன்பே அதைச் சரிபாருங்கள்.

வண்ணப் பிரிவுகளைக் கையால் போடுங்கள்: 0–25 அடி, 25–50, 50–75, 75–100, அதற்கு மேல். தானாகப் பிரிக்கச் சொன்னால் ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு எல்லை போடும். மே மாதச் சிவப்பும் ஜனவரிச் சிவப்பும் வேறு வேறு அடியாகிவிட்டால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

குளங்கள்

குளத்து நீர்ப்பரப்புக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை, கட்டம் 10 மீட்டர். கோப்பர்நிக்கஸ் தளத்தில் மேகம் குறைந்த நாளைத் தேர்ந்து, மூன்றாம் பட்டையையும் (பச்சை ஒளி) எட்டாம் பட்டையையும் (அண்மை அகச்சிவப்பு) இறக்குங்கள். ராஸ்டர் கால்குலேட்டரில் மூன்றிலிருந்து எட்டைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு. பொதுவாக 0-க்கு மேல் நீர், கலங்கல் குளத்தில் இந்த எல்லையைச் சற்று நகர்த்த வேண்டிவரும். 2022 ஜனவரி 25-க்குப் பிறகான படங்களில் ஒவ்வொரு பட்டையிலும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் குறியீடு 0 பக்கம் சுருங்கும், பழைய படத்தோடு ஒப்பிட முடியாது. நூறு கட்டம் ஒரு ஹெக்டேர், நாற்பது கட்டம் ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

கோவை நகரக் குளங்களில் இது சறுக்கும். ஆகாயத்தாமரை மூடிய பரப்பு செயற்கைக்கோளுக்கு வயலாகத்தான் தெரியும், குளம் நிறைந்திருக்கும்போதே பாதி வற்றியதாகக் கணக்கு வரும். சீமைக்கருவேலம் நிற்கும் குட்டையிலும் இதே கதை. அத்தகைய இடங்களில் பரப்பை விட்டுவிட்டு, மதகோரம் அளவுகோல் நட்டு மட்டத்தை எழுதுவதே வழி.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் விடும் அமைப்பு வந்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் கணக்கு வைப்பவர்கள் குளங்களுக்கும் ஒரு எண் கொடுத்து, நீர் விட்ட தேதியைக் குறித்து வைத்தால் நல்லது. குளத்தைச் சுற்றி 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று வளையம் போட்டு, உள்ளிருக்கும் கிணறுகளின் மாற்றத்தைத் தனித்தனியே பார்க்கலாம். தேதி இல்லாவிட்டால் மழையால் ஏறியதா, குழாய்த் தண்ணீரால் ஏறியதா என்று பிரிக்க இயலாது.

தரமும் இதே அட்டவணையில்

நொய்யல் ஓரக் கிணறுகளுக்கு மட்டத்தைவிட உப்பு முக்கியம். கையடக்கக் கருவி காட்டுவது மின்கடத்துதிறன். அதை 0.65 வாக்கில் பெருக்கித்தான் டிடிஎஸ் (நீரில் கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு) என்று காட்டுகிறது, கருவிக்குக் கருவி இந்தப் பெருக்கெண் வேறுபடும். ஆகவே மின்கடத்துதிறனையே எழுதுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. மாதிரியை மோட்டார் பத்து நிமிஷம் ஓடியபின் பிடிக்க வேண்டும். மட்டத்தை மோட்டார் போடும் முன், தரத்தைப் போட்ட பின் என்று வரிசை வைத்துக்கொண்டால் ஒரே தடவையில் வேலை முடியும்.

ஊருக்குக் காட்டும்போது

மார்ச் 22 கிராமசபைக்கு ஒரு ஏ3 தாள் போதும். ஜனவரி அளவுகளைப் பிப்ரவரிக்குள் ஏற்றிவிட்டால், போன ஜனவரிக்கும் இந்த ஜனவரிக்குமான வித்தியாசம் தயாராக இருக்கும். அடியில் காட்டுங்கள், மீட்டர் வேண்டாம். ஏறியது நீலம், இறங்கியது சிவப்பு, வறண்டது கறுப்புப் பெருக்கல் குறி. பள்ளம், வாய்க்கால், கோயில், ரோடு இவற்றின் பெயர் தமிழில் இருந்தால்தான் மக்கள் தங்கள் தோட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள். லேபிளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துரு வையுங்கள். உரிமையாளர் பெயரையும் சர்வே நம்பரையும் தாளில் அச்சிட வேண்டாம், கிணற்று எண் மட்டும் போதும். தண்ணீர் விலை பேசும் ஊரில் யார் கிணற்றில் எவ்வளவு என்பது அவரவர் சொந்த விஷயம். கூட்டத்தில் யாராவது "எங்க கிணறு அங்க இல்லீங்க, பள்ளத்துக்கு இந்தப் பக்கம்" என்று சொன்னால், அங்கேயே பேனாவால் திருத்திக்கொண்டு வந்து, முதல் அட்டவணையில் ஆயத்தை மாற்றி, திருத்திய தேதியையும் எழுதிவிடுங்கள்.